மலாக்கா முன்ஷி அப்துல்லா

சரக்கெடுக்க மலாக்காவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்வரும் நம் வியாபாரிகள், முன்ஷி அப்துல்லா பெயரிட்ட சாலையை இரண்டு நகரங்களிலும் கடந்து போகிறார்கள். அவர் பழைய மலாய் எழுத்தாளர் என்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர் நாகூர் வழி வந்தவர், முறையாகத் தமிழ் படித்தவர், வியாபாரிகளுக்குக் கடன் முறியும் கடிதமும் எழுதிக்கொடுத்துப் பிழைத்தவர் என்ற செய்திகள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய அழகிய கையெழுத்தை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எல்லாரும் விரும்பிக் கூலி கொடுத்து வாங்கினார்கள். அந்தக் கைக்குப் பின்னால் இருந்த மனிதருக்குச் சொந்தமாகச் சொல்ல ஏதேனும் உண்டா என்று கேட்டவர் மிகவும் காலந்தாழ்ந்தே வந்தார். அவரும் வராமற் போயிருந்தால் மலாய் உலகம் ஒரு பெரும் நூலை இழந்திருக்கும்.

அன்னாரின் முன்னோர் யமன் தேசத்து அரபி ஒருவர். அவர் நாகூருக்கு வந்து, மார்க்கக் கல்வி போதித்து, அங்கேயே மணம் முடித்துத் தங்கினார். அவருக்கு நான்கு ஆண்மக்கள். அவர்களில் மூவர் ஜாவா முதலிய கிழக்குத் தீவுகளுக்குப் போய்விட, முஹம்மது இப்ராஹீம் என்பவர் மட்டும் மலாக்காவுக்கு வந்து, ஷெய்கு மீரா லெப்பையின் மகளை மணந்தார். அந்த அம்மையாரின் பெயர் மலாய் நூலில் பெரி ஆச்சி என்று காணப்படுகிறது. நம் வீடுகளில் வழங்கும் பெரியாச்சியே அப்படி ஆயிற்று என்று கொள்ளலாம். இந்தத் தம்பதியரின் வழியில் பிறந்தவர் ஷெய்கு அப்துல் காதிர். அவருக்கும் கெடாவில் பிறந்த ஸலாமாவுக்கும் 1796ஆம் ஆண்டு மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்த மகனே அப்துல்லா.

இவருக்கு முன்னே பிறந்த நான்கு ஆண் குழந்தைகளும் சிறுவயதிலேயே இறந்துபோயின. ஐந்தாவதாகப் பிறந்த இந்தப் பிள்ளையும் ஓயாத நோயாளி. பிள்ளை தங்காத வீட்டில் பெற்றவள் பாலூட்டலாகாது என்ற அக்கால நம்பிக்கையினால், பல பெண்கள் மாறி மாறிப் பாலூட்டி வளர்த்தார்கள். இது பிழைக்குமா என்பதே வீட்டாரின் கவலையாக இருந்தபோது, என்ன ஆகும் என்று நினைக்க யாருக்கு நேரம்?

பெரியாச்சி வீட்டில் ஓதும் பள்ளி நடந்தது. ஆணும் பெண்ணுமாக இருநூறு பிள்ளைகள் வரை அங்கே ஓதினார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண்மணி இத்தனை பிள்ளைகளைக் கட்டி ஆண்டதே தனியாக எழுதத் தகுந்த செய்தி. பேரப்பிள்ளை என்ற செல்லத்தினால் அப்துல்லா முதலில் அங்கே படித்ததைவிட விளையாடியதே அதிகம். பாட்டி அடிக்கமாட்டார், மற்றப் பிள்ளைகளும் ஆசிரியையின் பேரன் என்று ஒதுங்கிக் கொள்வார்கள். பிறகு வாப்பா பொறுப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். எழுத்துப் பலகை, ரெசாம் என்னும் காட்டுச் செடியின் தண்டில் சீவிய பேனா, பக்கத்தில் ஒரு பிரம்பு. இவையே அடுத்த சில ஆண்டுகள்.

திருக்குர்ஆன் ஓதி முடித்த பின், மகனைத் தமிழ் ஆசிரியரிடம் அனுப்பினார் வாப்பா. இதை நம் வியாபாரிகள் சற்று நின்று கவனிக்க வேண்டும். மலாக்காவில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம் என்று அப்துல்லாவே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கணக்குப் போடவும் வியாபாரம் பேசவும் தமிழ் தேவைப்பட்டது. தமிழ் வணிகர்கள் அந்நகரில் அவ்வளவு பேர் இருந்தார்கள். அவர்களில் பெருஞ்செல்வரானவர்களின் பெயர்கள் ஊரெங்கும் விளங்கின. இரண்டரை ஆண்டுகள் அப்துல்லா தமிழ் படித்தார். கணக்குக்காகப் படித்த அந்தத் தமிழ் பின்னால் எங்கே போய் உதவியது என்பதைப் பிறகு சொல்வோம்.

அவருடைய வாப்பா ஒருவிதமான மனிதர். பிள்ளையை முகத்துக்கு நேரே மெச்சவே மாட்டார். எழுதியதைக் கொண்டுபோய்க் காட்டினால் பிழையைச் சுட்டுவார். பிழை இல்லையென்றால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். பையனுக்குத் தன்னிடம் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. இப்படியிருக்கும்போது ஒருநாள், கடன் முறி எழுதவேண்டிக் கப்பல் நகுதா ஒருவர் வாப்பாவைத் தேடி வந்தார். வாப்பா வெளியே போயிருந்தார். விஷயம் என்னவென்று கேட்ட சிறுவன், நானே எழுதித் தருகிறேன் என்று துணிந்து உட்கார்ந்தான். பெரியவர்கள் பணத்தோடு சம்பந்தப்பட்ட பத்திரம் அது. ஒரு சொல் தவறினால் வழக்கு வரும். எழுதி முடித்த முறியை நகுதா ஏற்றுக்கொண்டார். வாப்பா திரும்பி வந்து நடந்ததை அறிந்தபோதும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பிறகு அவர் உம்மாவிடம் தனியே பேசியது மகனின் காதில் விழுந்துவிட்டது. நம் பிள்ளை இன்றைக்குத்தான் பிறந்திருக்கிறான் என்ற கருத்தில் அவர் மகிழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். அன்று முதல் எழுத்து வேலைகளை மகனிடம் விடத் தொடங்கினார்.

வாப்பாவின் கண்டிப்பை அப்துல்லா பிற்காலத்தில் குறை சொல்லவில்லை. அதனால்தான் ஆளானேன் என்றே எழுதினார். அது மகனுடைய பெருந்தன்மை. நமக்கோ வேறு ஒன்று தோன்றுகிறது. அந்த நகுதா வந்த நாளில் வாப்பா வீட்டில் இருந்திருந்தால், வழக்கம்போல் அவரே முறியை எழுதியிருப்பார். பையன் மை கரைத்துக் கொடுத்திருப்பான். பெரியவர் இல்லாத ஒரு பொழுதில்தான் சிறியவரின் கை தெரிந்தது. இது எத்தனை கடைகளில் நடக்கிறது! முதலாளி ஊருக்குப் போன ஒரு மாதத்தில், சாமான் கட்டிக்கொண்டிருந்த பையன் பெட்டியடியில் உட்கார்ந்து ஐந்தொகையைச் சரியாக எடுத்து வைத்திருப்பதைக் கண்டு வியந்தவர்கள் நம்மிடையே உண்டு.

அக்காலத்தில் மலாக்காக் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களில் முஸ்லிம்களுக்குத் திருக்குர்ஆன் பிரதிகளும் கிதாபுகளும் தேவைப்பட்டன. அப்துல்லா அவற்றை எழுதிக்கொடுத்துச் சம்பாதித்தார். அவர்களுக்கு மலாய் சொல்லிக்கொடுத்து, தாம் இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். முன்ஷி, அதாவது மொழி ஆசிரியர் என்ற பட்டம் அந்தச் சிப்பாய்கள் வைத்ததுதான். சுல்தானோ கவர்னரோ கொடுத்ததன்று. வெறும் படைவீரர்கள் ஒரு சின்னப் பையனைப் பார்த்து ஆசிரியர் என்று அழைத்தார்கள்; அந்தப் பெயரே இன்றளவும் நிலைத்துவிட்டது.

1810ஆம் ஆண்டின் இறுதியில் ராபிள்ஸ் துரை மலாக்காவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஜாவாவைப் பிடிக்க ஆங்கிலேயர் செய்த ஏற்பாடுகளுக்காக வந்தவர் அவர். மலாய் அரசர்களுக்குக் கடிதம் எழுதவும், பழைய ஏடுகளைப் பிரதி செய்யவும் அவருக்கு எழுத்தர்கள் வேண்டியிருந்தது. அப்துல்லா அந்தக் கூட்டத்தில் சேர்ந்தபோது வயது பதினான்கு பதினைந்துதான் இருக்கும்.

ராபிள்ஸ் வீட்டில் அப்துல்லா கண்ட காட்சி அவர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. ஊர் மக்களில் ஒருவரைக் காட்டுக்கு அனுப்பி இலையும் பூவும் கொண்டுவரச் சொல்வார். மற்றொருவருக்குப் புழு பூச்சி சேர்க்கும் வேலை. இன்னொருவர் கடலிலிருந்து பவளமும் சிப்பியும் கொண்டுவருவார். கனிகளையும் மலர்களையும் உயிருள்ளவை போல வரையும் மக்காவ் நகரத்துச் சீனர் ஒருவரும் அங்கே இருந்தார். ஊரில் சாதாரணமாகத் திரிந்துகொண்டிருந்த மனிதர்களிடம் இவ்வளவு அறிவு இருந்தது, கேட்பவர் வந்த பிறகே வெளிப்பட்டது. ராபிள்ஸ் இவற்றைத் தம் அரசாங்கத்தின் நலனுக்காகவும் தம் புகழுக்காகவுமே செய்தார் என்பதில் ஐயமில்லை. அப்துல்லா ஆங்கிலேயரை வேண்டிய அளவுக்கு மேல் புகழ்ந்தார் என்று பிற்கால மலாய் அறிஞர்கள் குறை கூறுகிறார்கள். அக்குறையை முற்றும் தள்ளிவிட முடியாது. ஆயினும், கேட்டுத் தெரிந்துகொள்ளும் அந்தப் பழக்கத்தை அவர் கண்டுகொண்டது உண்மை. தம் ஆயுள் முழுவதும் அவர் எந்தப் புதுப் பொருளைக் கண்டாலும் நின்று விசாரித்தார்.

படை ஜாவாவுக்குப் புறப்பட்டபோது ராபிள்ஸ் அவரையும் அழைத்தார். பையனுக்கு ஆசைதான். ஆனால் நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த உம்மா அழுது தடுத்துவிட்டார். அந்தத் தாயை யார் குற்றம் சொல்ல முடியும்? கப்பல்கள் போயின, அப்துல்லா மலாக்காவில் நின்றுவிட்டார்.

ராபிள்ஸ் சேர்த்த ஏடுகளின் கதியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அப்துல்லாவும் அவருடைய தோழர்களும் இரவு பகலாகப் பிரதி செய்தவை, மலாய்க் குடும்பங்கள் பரம்பரையாக வைத்திருந்து கொடுத்துவிட்ட மூல ஏடுகள், இவற்றில் பெரும் பகுதி 1824ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், பெங்கூலனிலிருந்து புறப்பட்ட பேம் என்ற கப்பலில் தீப்பிடித்துக் கடலில் அழிந்தன. பிரதி வைத்துக்கொள்ளாமல் மூலத்தையே கொடுத்துவிட்டார்களே என்ற துக்கம் அப்துல்லாவின் எழுத்தில் தெரிகிறது. அடுத்த வீட்டுப் பெட்டியில் இருப்பதன் மதிப்பை அந்நியர் வந்து சொன்ன பின் தெரிந்துகொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1815ல் மலாக்காவுக்கு வந்த மில்ன் முதலிய கிறிஸ்தவப் பாதிரிமார்களுக்கு மலாய் கற்பித்தார். அவர்களிடம் ஆங்கிலம் கற்றார். மெட்ஹர்ஸ்ட் என்பவரிடம் அச்சுக் கோக்கும் தொழிலைப் பழகிக்கொண்டார். தாம்சன் என்ற பாதிரியார் மலாயைத் தம் இஷ்டப்படி வளைத்தபோது, அது மலாய் நடையன்று என்று அடிக்கடி வாதாடினார். பாதிரிமார்களோடு பழகினார் என்பதற்காக ஊரார் அவரை அப்துல்லா பாதிரி என்று பரிகசித்தார்கள். தம் மார்க்கத்தை அவர் விடவில்லை. பரிகாசத்துக்கு அஞ்சி வேலையையும் விடவில்லை. 1819ல் சிங்கப்பூர் ஏற்பட்ட பின் அங்கும் இங்குமாக இருந்து, வியாபாரிகளுக்குக் கடிதமும் பத்திரமும் எழுதி, துரைமார்களுக்கு மொழி சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 1823ல் ராபிள்ஸ் சிங்கப்பூரை விட்டுப் போனபோது வருந்தி வழியனுப்பினார்.

இத்தனை ஆண்டுகளிலும் அவர் எழுதியவை எல்லாம் பிறர் சொல்லியவை. நகுதா சொன்னதை எழுதினார், துரை சொன்னதை எழுதினார், பழைய ஏட்டில் இருந்ததை எழுதினார். சந்தையில் அவருக்கு ஒரு விலை இருந்தது. அந்த விலை கைக்கு மட்டும் உரியது.

1835ல் சிறிது மாற்றம் தெரிகிறது. சிறுவயதில் கணக்குக்காகப் படித்த தமிழ் இப்போது வேலைக்கு வந்தது. பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். ஹிகாயத் பஞ்ச தந்திரன் என்ற அந்நூலுக்குத் தம்பி முத்து வீரபத்தர் என்ற தமிழ் நண்பர் உடனிருந்து உதவினார். தமிழில் கடினமான இடங்களை விளக்கிச் சொன்ன அந்த நண்பருக்கு உலகத்தில் வேறு புகழ் எதுவும் இல்லை. ஆனால் அப்துல்லா அவர் பெயரை மறைக்கவில்லை. தமக்குச் செய்யப்படாத மரியாதையைத் தாம் பிறருக்குச் செய்தார் என்று இதைச் சொல்லலாம்.

பின்னர் 1838. கிளந்தானில் அரச குடும்பத்தாருக்குள் சண்டை மூண்டு, சிங்கப்பூர் வியாபாரிகளின் சரக்குகள் அங்கே சிக்கிக்கொண்டன. போன கப்பல் திரும்பவில்லை, போட்ட முதல் வரவில்லை என்றால் வியாபாரிக்கு எப்படியிருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கவர்னரின் கடிதங்களைக் கொண்டுபோய் அங்குள்ள ராஜாக்களிடம் கொடுத்துப் பேச ஆள் தேவைப்பட்டது. மொழி தெரிந்தவர் என்பதால் அப்துல்லாவை அனுப்பினார்கள். பகாங், திரங்கானு வழியாகக் கடல் கொள்ளையருக்குப் பயந்து பயந்து கிளந்தான் சேர்ந்தார். வழியில் கண்டதை எல்லாம் குறித்து வைத்தார்: நதிகள், சந்தைகள், மக்கள் உடுத்தும் ஆடை, அரசர்கள் குடிகளை நடத்தும் விதம், அஞ்சி அஞ்சிப் பொருள் சேர்க்காமல் இருந்த மக்களின் நிலை. நம் கேமரன் மலைகள் அடங்கிய பகாங்கைப் பற்றி அவர் எழுதியது கரையோரப் பகாங்கை மட்டும்தான். மலைக்கு மேலே அன்று ஓராங் அஸ்லி மக்களைத் தவிர வேறு யார் ஏறினார்? வில்லியம் கேமரன் நில அளவைக்காக இந்தப் பக்கம் வந்ததே 1885ல்.

அந்தப் பயண நூல் அதே 1838ல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. அதில் எழுதியவர் யாருக்காகவும் எழுதவில்லை. நான் கண்டேன், நான் கேட்டேன், எனக்கு இது சரியாகப் படவில்லை என்று எழுதினார். மலாயில் அப்படி எழுதும் வழக்கம் அதற்கு முன் மிக அரிது.

அதைப் படித்தவர்களில் ஆல்பிரட் நார்த் என்பவர் ஒருவர். அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்; அச்சகத்தைக் கவனித்து வந்தவர்; மலாய் கற்க அப்துல்லாவிடம் வந்தவர். ராபிள்ஸின் செல்வாக்கில் நூறில் ஒரு பங்குகூட அவருக்கில்லை. ஆனால் ராபிள்ஸ் கேட்காததை அவர் கேட்டார். நீர் பிறந்தது முதல் நடந்ததையெல்லாம் உம் சொந்த நினைவிலிருந்து எழுதும் என்று தூண்டினார். அப்போது அப்துல்லாவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அரசர் கதைகளும் வீரர் கதைகளும் எழுதுவதே வழக்கமாக இருந்த மொழியில், ஒரு சாதாரண எழுத்தன் தன் கதையை எழுதுவதா என்ற தயக்கம் எவருக்கும் வரும். அவர் எழுதினார். 1843ல் எழுதி முடித்த ஹிகாயத் அப்துல்லா, 1849ல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது.

அந்த நூலைப் படித்தால்தான், முப்பது ஆண்டுகள் பிறர் வீட்டு மேசையோரத்தில் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் எவ்வளவு பார்த்திருக்கிறார் என்பது தெரியும். மலாக்காக் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்த காட்சி, சிங்கப்பூரின் முதல் நாட்கள், துரைமார்களின் நடை உடை பாவனை, தம் பாட்டியின் பள்ளிக்கூடத் தண்டனைகள், தம் வாப்பாவின் பேசாத முகம் எல்லாம் அதில் இருக்கின்றன. மேசைக்கு மறுபக்கத்தில் அமர்ந்து கட்டளையிட்டவர்கள், எதிரே இருப்பவன் தங்களை அளந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். இன்று அவர்களைப் பற்றி எழுதும் சரித்திர ஆசிரியர்கள் அந்த எழுத்தனின் நூலைத்தான் புரட்டுகிறார்கள். ஏ. எச். ஹில் என்பவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1955ல் வந்தது.

திரிங்காப் போன்ற மலையூரில் கடை நடத்தும் நமக்கு, காய்கறி லாரி ஓட்டுகிறவர் முதல் சம்பள நாளில் தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறவர் வரை பல முகங்கள் பழக்கம். அவரவர் பற்று வரவு நம் பேரேட்டில் இருக்கிறது. யார் தவணை தவறுவார், யார் தவறமாட்டார் என்று இருட்டிலும் சொல்லுவோம். ஆனால் அவர்களில் பாடுகிறவர் யார், மரத்தில் உருவம் செதுக்குகிறவர் யார், மூன்று மொழியில் கடிதம் எழுதக்கூடியவர் யார் என்று கேட்டால் பேரேட்டில் அதற்குப் பத்தி கிடையாது. மலாக்காவில் அப்துல்லாவிடம் முறி எழுதி வாங்கிய வியாபாரிகளும் நம்மைப் போலத்தான் இருந்திருப்பார்கள். நல்ல கையெழுத்து, நியாயமான கூலி, அவ்வளவே அவர்களுக்குத் தெரியும்.

அப்துல்லா பிறருக்கு எப்படி இருந்தார் என்பதையும் பார்க்கலாம். சொந்த மொழியை யாரும் முறையாகக் கற்பதில்லையே என்ற ஆதங்கம் அவருக்கு எப்போதும் உண்டு. பழைய மலாய் வரலாறான ஸெஜாரா மெலாயுவைத் திருத்தி அச்சிட்டவர் அவரே. ஒரே ஏடாக இருந்து கருகிப்போகும் கதி அதற்காவது வரக்கூடாது என்று எண்ணினார் போலும். 1840ல் பிறந்த தம் மகன் இப்ராஹீமைச் சிங்கப்பூரில் கீஸ்பெரி பாதிரியார் நடத்திய பள்ளியில் படிக்க வைத்தார். பிற்காலத்தில் ஜொகூர் சுல்தானான அபூபக்கரும் அப்பள்ளியில் பயின்றவரே. இப்ராஹீம் முன்ஷி ஜொகூர் அரசாங்கத்தில் உயர்ந்த பதவி பெற்று, தந்தையைப் போலவே தாமும் பயண நூல் எழுதினார்.

1854ஆம் ஆண்டு அப்துல்லா ஹஜ்ஜு செய்ய நாடிச் சிங்கப்பூரில் கப்பலேறினார். வயது ஐம்பத்தெட்டு. இம்முறை எவரும் எழுதச் சொல்லவில்லை. இருந்தும் ஜித்தா வரை போன வழியை நாள்தோறும் குறித்துக்கொண்டே போனார். கன்னியாகுமரி முனையைச் சுற்றும்போது எழுந்த அலையையும், கப்பலில் இருந்தவர்கள் உயிரை வெறுத்து நின்றதையும் அதில் எழுதியிருக்கிறார். அரபு நாடு சேர்ந்த அந்த ஆண்டிலேயே அங்கு வபாத்தானார். எழுதிக்கொண்டிருந்த குறிப்பு மட்டும் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் அதுவும் அச்சேறியது.